திரையில் கண்டதைத் தாளில் காப்போம்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறையின் வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் தந்தை கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். வேலை முடித்த உடையோடு அவரும் உடன் வந்திருந்தார்.

"மிஸ், எல்லாம் போயிருச்சு" என்றாள் அவள். மேலே சொல்ல முடியவில்லை.

தந்தைதான் விவரம் சொன்னார். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், அக்காளும் தங்கையும் படிக்கட்டும் என்று தவணையில் ஒரு டேப் வாங்கிக் கொடுத்திருந்தார். 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இணையவழியில் நடந்த பாடங்களில், ஆசிரியர் பலகையில் எழுதியவற்றையெல்லாம் அப்பெண் திரைப்படமாக, அதாவது நாம் வழக்கில் ஸ்கிரீன்ஷாட் என்கிறோமே அவ்வாறு, எடுத்து வைத்திருந்தாள். எழுநூறுக்கு மேற்பட்ட படங்கள். மே மாதம் பொதுத்தேர்வு. ஏப்ரலில் டேப் இயங்காமல் நின்றது. பழுது பார்த்தவர் அதைச் சரி செய்தார்; ஆனால் உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துவிட்டுத்தான் சரி செய்ய முடிந்தது.

"படம் புடிச்சுத்தானே டீச்சர் வச்சிருந்துச்சு புள்ள, அது எப்படிப் போகும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. படம் பிடித்தது போகாது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவேதான் இக்கட்டுரை.

அவளுடைய தோழி ஒருத்தி, அதே பாடங்களின் படங்களைச் சனிக்கிழமைதோறும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கோத்து வைத்திருந்தாள். தேர்வு வரை இருவரும் அந்த ஒரே கட்டிலிருந்து சேர்ந்து படித்தார்கள். தாளில் இருந்தது பிழைத்தது. திரையில் இருந்தது மறைந்தது. மாணவியரே, திரையில் கண்டதைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி, அதில் எங்கே தவறுகிறோம் என்பதை இனிக் காண்போம்.

ஸ்கிரீன்ஷாட் என்பது யாது?

சங்கராந்திக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் புள்ளி வைக்கிறோம். பிறகு இழை இழுக்கிறோம். டேப்பின் திரையும் ஒரு புள்ளிக் கோலமே. ஆனால் இங்கே இழை கிடையாது, எல்லாம் புள்ளிகளே. நம்மிடையே பரவலாக இருக்கும் 10 அங்குல டேப்கள் பலவற்றில் குறுக்கே 1200 புள்ளிகளும் நெடுக்கே 1920 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 23 லட்சத்து 4 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அந்த நொடியில் அப்படியே எழுதி வைத்துக்கொள்வதுதான் ஸ்கிரீன்ஷாட்.

இது கேமராவால் எடுத்த புகைப்படம் அன்று. ஆகவே திரையில் உள்ள கீறலோ, கைரேகையோ, சன்னல் வெளிச்சமோ இதில் விழாது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் படம் இருட்டாக வராது. சிலர் ஒரு டேப்பின் திரையை மற்றொரு செல்பேசியால் புகைப்படம் எடுத்து அச்சிடக் கொண்டுவருகிறார்கள். அதில் அலை அலையாகக் கோடுகள் விழுவதைக் கண்டிருப்பீர்கள். திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் ஏற்படும் கோடுகள் அவை. எனவே எப்போதும் டேப்பிலேயே படம் எடுங்கள்.

எடுக்கும் முறை எளிது. ஆண்ட்ராய்டு டேப்களில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒருசேர அழுத்த வேண்டும். ஐபேடில், முகப்புப் பொத்தான் உள்ளதாயின் அதையும் மேல் பொத்தானையும், இல்லையாயின் மேல் பொத்தானையும் ஒலிப் பொத்தான் ஒன்றையும் ஒருசேர அழுத்தி விட வேண்டும். 2010-இல் ஐபேட் விற்பனைக்கு வந்தபோதே அதில் இவ்வசதி இருந்தது. ஆண்ட்ராய்டில் 2011-இல் வெளியான நான்காம் பதிப்பிலிருந்து பொதுவசதியாயிற்று.

ஏன் மங்கலாக அச்சாகிறது?

"திரையில் பளிச்சென்று இருந்தது, தாளில் மங்கிவிட்டது" என்பதே அனைவரும் கூறும் குறை. இதற்கும் கோலமே விடை கூறும். பதினைந்து புள்ளிக் கோலத்தைச் சிறு திண்ணையில் போட்டால் நெருக்கமாக இருக்கும். அதே பதினைந்து புள்ளியைத் தேரோடும் வீதி அகலத்துக்குப் பரப்பினால் என்னாகும்? புள்ளிக்குப் புள்ளி முழங்கால் தூரம் இருக்கும். புள்ளிகள் கூடவில்லை, இடம்தான் கூடிற்று.

தாளில் எழுத்துகள் கூர்மையாகத் தெரிய, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருத்தல் நலம் என்பது அச்சுத் தொழிலில் உள்ள கணக்கு. ஏ4 தாளின் அளவு ஏறக்குறைய எட்டேகால் அங்குல அகலமும் பதினொன்றே முக்கால் அங்குல உயரமும் ஆகும். இதை அந்த நெருக்கத்தில் நிரப்புவதற்குச் சுமார் 87 லட்சம் புள்ளிகள் தேவை. நம்மிடம் உள்ளவையோ 23 லட்சம். ஒரே படத்தை முழுத்தாளுக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 164 புள்ளிகளே கிடைக்கும். படிக்க முடியும், ஆனால் ஓரங்கள் சற்றே கரடுமுரடாக இருக்கும்.

ஒரு தாளில் இரண்டு படங்களை அச்சிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அங்குலத்துக்குச் சுமார் 230 புள்ளிகள் கிடைக்கின்றன. அதோடு, 10 அங்குல டேப்பின் திரையும் ஏ4 தாளில் பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு! ஆகவே திரையில் எந்த அளவில் படித்தீர்களோ அதே அளவில் எழுத்து தாளிலும் வரும். நான்கு படங்களை ஒரு தாளில் அடக்கினால் கூர்மை 300-ஐத் தாண்டும். ஆனால் எழுத்து சிறுத்துவிடும். பாட்டிக்கு வாசித்துக் காட்ட உதவாது. ஆகவே பாடக்குறிப்புகளுக்கு ஒரு தாளுக்கு இரண்டு என்பதே ஏற்ற வழி. காகிதமும் பாதி மிச்சம்.

வீடியோப் பாடத்திலிருந்து எடுக்கும் படங்களில் மற்றொரு நுட்பம் உண்டு. டேட்டா தீர்ந்துவிடும் என்று அஞ்சி வீடியோவைக் குறைந்த தரத்தில் ஓட விடுகிறோம். அப்போது வருவது 640-க்கு 360 புள்ளி. மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரத்து 400. திரையின் புள்ளிகளில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு! மீதி ஒன்பது பங்கை டேப் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஸ்கிரீன்ஷாட் 23 லட்சம் புள்ளிகள் என்று கணக்குக் காட்டினாலும் உள்ளே இருக்கும் உண்மை 2 லட்சமே. எனவே முக்கியமான பலகை வரும்போது வீடியோவை நிறுத்தி, தரத்தை உயர்த்தி, அந்த இடம் தெளிவாக வந்தபின் படம் எடுங்கள். ஒரு நிமிடப் பொறுமை ஒரு பாடத்தைக் காக்கும்.

2018-இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டதை அறிவீர்கள். அவற்றின் வழியே காணும் விளக்கப் படங்களுக்கும் இம்முறையே பொருந்தும்.

திரையின் நிறமும் தாளின் நிறமும்

திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கூடினால் வெள்ளை. தாளில் மைகள் கூடக் கூடக் கருமை. ஆதலால் அச்சில் வான்நீலம், செவ்வூதா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மைகளைக் கையாளுகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிவகாசி நாட்காட்டியின் படத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். இந்நான்கு நிறச் சிறு புள்ளிகளே மயில் கழுத்தாகவும் தாமரையாகவும் தோன்றுவதைக் காணலாம். மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் புள்ளிகள் சேர்ந்து பூவாவது போலத்தான். திரையில் மின்னும் சில நீலங்களும் பச்சைகளும் இம்மைகளின் எல்லைக்குள் அடங்கா. அவை தாளில் சற்று மங்குவது இயற்கை. கடைக்காரர் மீது குறையில்லை.

பின்னணி கருப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருக்கும் இரவுத் தோற்றத்தில் பலர் டேப்பை வைத்திருக்கிறார்கள். அப்படியே அச்சிட்டால் தாள் முழுதும் மை பூசியது போலாகும். செலவு, ஈரம், நசநசப்பு. படம் எடுக்குமுன் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டேப்பிலிருந்து அச்சுப்பொறிக்கு

வழிகள் நான்கு.

1. கம்பியில்லா வழி: அச்சுப்பொறியும் டேப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஐபேடில் இவ்வசதி 2010 இறுதியிலும், ஆண்ட்ராய்டில் 2013-இலும் வந்தது. படத்தைத் திறந்து, பகிர்தல் குறியைத் தொட்டு, பிரிண்ட் என்பதைத் தேர்ந்து, அச்சுப்பொறியின் பெயரைத் தொட வேண்டும்.

2. பென்டிரைவ் வழி: டேப்பில் செருகும் சிறு இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுசெல்லலாம்.

3. மின்னஞ்சல் வழி: படத்தை இணைத்துக் கடையின் முகவரிக்கு அனுப்பலாம்.

4. வாட்ஸ்அப் வழி: பெரும்பாலோர் பின்பற்றுவது இதுவே. ஆனால் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதன் புள்ளிகளைக் குறைத்து அனுப்பிவிடும். 'டாக்குமெண்ட்' என்ற பிரிவின் வழியே அனுப்பினால் உள்ளது உள்ளபடி சேரும். இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் வீணாகும் தாள்கள் எத்தனையோ!

ஓர் எச்சரிக்கை. தேர்வு நுழைவுச்சீட்டு, மதிப்பெண் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் முதலியவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அவற்றை பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொள்ள வழி உண்டு. படத்தில் இருப்பவை கோலத்தின் புள்ளிகள், பி.டி.எஃப். கோப்பில் எழுத்துகளைப் பொறுத்தவரை இருப்பது கோலம் போடும் முறை. முறை தெரிந்தால் எந்த வாசலிலும் புதிதாகப் போடலாம் அல்லவா? அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து கூர்மை குன்றாது.

அச்சு நிலைக்குமா?

ஜெராக்ஸ் என்று நாம் கூறுவது ஒரு நிறுவனத்தின் பெயர். அதன் பின்னுள்ள கலையைக் கண்டவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன். காப்புரிமை தொடர்பான பணியில் இருந்த அவர், ஆவணங்களுக்குப் படி எடுக்கும் துன்பத்தைத் தீர்க்க முயன்று, 1938 அக்டோபர் 22-ஆம் நாள் மின்னூட்டத்தின் துணையால் முதல் படியை எடுத்தார். அதைக் கொண்டு அமைந்த பெரும் வெற்றி பெற்ற பொறி 1959-இல் வந்தது. லேசர் அச்சுப்பொறியும் அதே கொள்கையில் பிறந்ததே. உருளை ஒன்றின்மேல் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. லேசர் கதிர் எழுத்து வரவேண்டிய இடங்களில் மட்டும் அம்மின்னூட்டத்தை மாற்றுகிறது. அங்கே மட்டும் கரும்பொடி ஒட்டுகிறது. பின்னர்த் தாளுக்கு மாறிச் சூட்டில் உருகிப் பதிகிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே ஆற்றல்தான்! தாள் வெதுவெதுப்பாக வெளிவருவதன் காரணமும் இப்போது விளங்கும்.

இப்பொடி உருகிப் பதிந்தபின் நீர் பட்டாலும் எளிதில் கரையாது. மைத்துளி தெளிக்கும் இங்க்ஜெட் பொறியின் சாதாரண மையோ மழை நாளில் பையில் நனைந்தால் பரவிவிடும். பேருந்து நடத்துநரின் சிறு பொறி தரும் சீட்டும், ஏ.டி.எம். சீட்டும் வேறு இனம். அவற்றில் மையே இல்லை. சூடு பட்டால் கருக்கும் பூச்சுள்ள தாள் அது. நாளடைவில் வெளுத்துவிடும். ஆகவே நெடுநாள் காக்க வேண்டியதை லேசரில் அச்சிடுங்கள்.

தாளின் ஆயுளைப் பற்றி ஐயமிருந்தால் நம் தமிழ் அச்சின் வரலாற்றைப் பாருங்கள். என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் ஒரு பிரதி நானூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. உ. வே. சாமிநாதையரும் செய்தது என்ன? செல்லரித்து அழிந்துகொண்டிருந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடிச் சென்று, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அழியும் ஒன்றிலிருந்து நிற்கும் ஒன்றுக்கு மாற்றினார். அளவில் மலையும் மடுவுமாயினும், தோழியின் கட்டுத்தாள்கள் செய்த பணியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

கடையில் கவனம்

பெற்றோரும் மாணவியரும் ஒருங்கே கருத வேண்டிய பகுதி இது. அச்சிட்டு முடிந்ததும் நாம் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு அக்கடைக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், குடும்பப் புகைப்படம் ஆகியவை முன்பின் அறியாதவர் கையில் கிடக்கலாமா? "அண்ணே, அழிச்சிருங்க" என்று சொல்லி, அழிப்பதைக் கண்ணால் கண்டபின் நகருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படியான படிவத்தை ஆதார் ஆணையமே தருகிறது. ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே வந்து நிற்கும் பிறர் செய்திகளையும் தொலைபேசி எண்களையும் வெட்டி நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

பிறர் நம்பி எழுதிய செய்தியைப் படம் எடுத்துப் பரப்புவது, அவருடைய கடிதத்தைப் பிரித்துத் தெருவில் வாசிப்பதற்கு ஒப்பாகும். விளையாட்டுக்கும் செய்யாதீர்கள்.

ஆனால் ஒரு சமயத்தில் படம் எடுத்தே தீர வேண்டும். யாரேனும் உங்களை அச்சுறுத்தியோ, தகாத சொல் எழுதியோ செய்தி அனுப்பினால், பயந்து அழித்துவிடாதீர்கள். பெயர், எண், நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே தாயிடமோ தந்தையிடமோ சிஸ்டரிடமோ ஆசிரியையிடமோ காட்டுங்கள். தவறு செய்தவர் அவர், நீங்கள் அல்லர். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்கள் உள்ளன. அச்சிட்ட தாளே சாட்சிக்குப் போதும் என்று எண்ணி மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் படிக்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்கிறது. முன்பிருந்த சாட்சியச் சட்டமும் அவ்வாறே கேட்டது. ஆகவே செய்தியும் இருக்கட்டும், டேப்பும் இருக்கட்டும், தாளும் இருக்கட்டும்.

முடிவாக

எடுத்த படங்கள் அனைத்தையும் அச்சிட வேண்டுவதில்லை. வாரக் கடைசியில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எடுத்தவற்றைப் பார்த்து, தேவையற்றதை அழித்து, கையால் எழுதிக்கொள்ளக் கூடியதை நோட்டில் எழுதி, எஞ்சிய படங்களையும் வரைபடங்களையும் மட்டும் தாளுக்கு இரண்டாக அச்சிட்டு, நாளும் பாடமும் குறித்துக் கோத்து வையுங்கள். மற்றொரு படியைப் பென்டிரைவில் வையுங்கள். எழுநூறு படங்களை எடுத்து ஒருமுறையும் திரும்பிப் பாராதவளைவிட, எழுபதைத் தேர்ந்து அச்சிட்டவள் மிகுதியாகக் கற்றிருப்பாள். தேர்ந்தெடுப்பதும் ஒரு படிப்பே.

நம் பாட்டிமார் சிலேட்டில் எழுதிப் படித்தார்கள். மறுநாள் பாடத்துக்காக முதல்நாள் எழுத்தை ஈரத்துணியால் அழித்தார்கள். ஆனால் அழிக்குமுன் மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். முக்கியமானதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். டேப்பும் ஒரு சிலேட்டுதான். அது அழியும் என்பதை மறவாதிருந்தால், நம்மிடமிருந்து எதுவும் அழிந்து போகாது.

அன்று வாசலில் அழுது நின்ற அப்பெண் தேர்வில் நன்றாகவே தேறினாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு தடித்த தாள்கட்டோடு என்னிடம் வந்தாள். "மிஸ், இந்தத் தடவை ரெண்டு காப்பி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு" என்றாள்.